விழுந்தபின் எழும் வலிமை

ஒரு கோட்டையின் வலிமை யாது என்று கேட்டால், மதிலின் உயரத்தையே நாம் முதலில் சொல்லுவோம். கணிப்பொறிகளைப் பற்றியும் ஒருகாலத்தில் நான் அவ்வாறே எண்ணியிருந்தேன். மதிலைப் பகைவன் தாண்டிவிட்டால் பிறகு என்ன ஆகும் என்னும் கேள்வி பின்னரே எனக்கு எழுந்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், உக்ரைன் நாட்டில் வரிக்கணக்குக்குப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் வழியே ‘நாட்பெட்யா’ என்னும் நச்சு நிரல் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் அது புகுந்து, உலகெங்கும் அதன் கணிப்பொறிகளை முடக்கியது. ஊழியர்கள் கையாலேயே வேலையைத் தொடர்ந்தனர். 4,000 சர்வர்களும் 45,000 கணிப்பொறிகளும் 10 நாட்களில் மீண்டும் அமைக்கப்பட்டன. சரக்கின் அளவு 20 விழுக்காடே குறைந்தது என்று நிறுவனத் தலைவர் ஸ்னாபே 2018 ஜனவரியில் கூறினார்.

இந்த எண்களை ஒரு வரைபடமாக எழுதிப் பாருங்கள். கிடையாக நாட்கள், நெடுக்காக, நடந்த வேலையின் அளவு. தாக்குதல் நாளில் கோடு சரிகிறது; பின்பு மெல்ல ஏறுகிறது. இடையே ஒரு பள்ளம் தோன்றுகிறது. பள்ளத்தின் ஆழம் தாங்கும் திறனைக் காட்டும். அகலம் மீளும் திறனைக் காட்டும். மூன்றாவது அளவும் உண்டு. மீட்கப் பயன்பட்ட பிரதி நேற்றையதா, சென்ற மாதத்ததா? இடைப்பட்ட நாட்களில் பதிந்தவையெல்லாம் இழப்பே.

ஆனால், தாக்குதலுக்கு முன்பே இவற்றை அளப்பது எங்ஙனம்? மெர்ஸ்க் வலையமைப்பில் யார் நுழையலாம் என்ற விவரத்தைக் காத்த சர்வர்கள் பல ஊர்களில் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று நம்பினார்கள். எல்லாம் ஒருசேர அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலுக்கு முன்பே மின்சாரம் தடைப்பட்டு அது இணைப்பற்று இருந்ததே காரணம்! நல்லூழை அளவுகோலாகக் கொள்ள இயலுமா? பிரதியை ஒரு வெற்றுக் கணிப்பொறியில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து ஒத்திகை நடத்துவதே அளக்கும் வழி.

மாணவ நேயர்களே! உங்கள் பாடக்குறிப்புகளுக்கும் ஒரு பிரதி எங்கோ இருக்கும். இன்றிரவு அதை வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை பக்கம் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் அளக்கவேண்டியவையும் அவையே.