உடலுக்கேற்ற இதயம்

வேங்கிக்காலில் நின்று நிமிர்ந்தால் கண்ணை நிறைப்பது அண்ணாமலை. அக்கினியே மலையாய்க் குளிர்ந்து நிற்கிறது என்று நாம் தொழும் அந்தப் பெருமைக்கு முன், வேலூர் சாலையில் விரையும் கார்கள் கடுகளவே. அந்தக் கடுகினுள்ளும் நெருப்பு குடியிருக்கிறது. நாம்தான் அதை எண்ணுவதில்லை.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் பருகிய வெயில், அவற்றோடு சேற்றில் புதைந்து, பூமியின் வெப்பத்தில் எண்ணெயாய்க் கனிந்து, இன்று பெட்ரோலாய் நம்மைச் சுமக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் நினைவில் உள்ள கார்தானே! 948 சிசி மட்டுமே உள்ள அதன் சின்ன இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, நான்கு சிலிண்டர்களிலுமாக நொடிக்கு 100 தீப்பொறிகள் பிறந்து மறையும். ஒவ்வொரு பொறிக்கும் முன்பாக ஒரு வால்வு திறந்து மூடும், பின்பாக மற்றொன்று. ஒன்று பிசகினாலும் ஓட்டம் தடுமாறும். எத்தனை நுட்பமான ஒழுங்கு!

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ரெஜினால்டு மாட்ஸ்லே 1903இல் நட்ட விதை ஸ்டாண்டர்டு நிறுவனம். அதன் கிளையாக 1948இல் நம் மண்ணில் பிறந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ். தாய்நாட்டில் 1963இல் ஸ்டாண்டர்டு கார்களின் பெயர் மறைந்தது. தாய்மரம் பட்ட பின்னும் வண்டலூர்க் கிளை கால் நூற்றாண்டு தழைத்தது.

பிறகு ஆசை வளர்ந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தில் எட்டு சிலிண்டர் இன்ஜினையும் தாங்கிய ரோவர் காரின் அழகிய பெரிய உடல். உள்ளேயோ, ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு காரின் வழிவந்த நான்கு சிலிண்டர் இதயம். பெட்ரோலை மிகுதியாய்க் குடித்தது. வேகமோ உடலின் கம்பீரத்துக்கு ஈடாகவில்லை. வாங்குவோர் குறைந்தனர். 1988இல் தொழிற்சாலை ஓய்ந்தது.

படைப்பு ஒருபோதும் இப்படித் தவறுவதில்லை. யானையின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 முறை நிதானமாய்த் துடிக்கிறது. சிட்டுக்குருவியின் இதயமோ அதே நிமிடத்தில் பலநூறு முறை படபடக்கிறது. எந்த உடலுக்கு எந்த இதயம் என்ற கணக்கு, கருவிலேயே முடிந்துவிடுகிறது. சிட்டுக்குருவி யானையின் உடலைக் கேட்பதுமில்லை. யானை சிறகுக்கு ஏங்குவதுமில்லை.

வண்டலூர்க் கைகள் உழைப்பில் குறைவைக்கவில்லை. அவை வார்த்த ஹெரால்டின் சிறுமையில் முழுமை இருந்தது. நாமும் தோற்றத்தைப் பெருக்குவதற்கு முன் உள்ளிருக்கும் வலிமையைப் பெருக்குவோம். அளவறிந்து வாழ்வது குறுகி வாழ்வதல்ல; படைத்தவனின் கணக்கோடு இசைந்து வாழ்வது.