கேம் செய்யப் போகிறீர்களா? கம்ப்யூட்டர் வாங்குமுன் ஒரு நிமிடம்!

முதலாமாண்டுத் தம்பிகள் லேபுக்குள் நுழைந்த ஒரே மாதத்தில் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, கேம் டெவலப்மென்ட் கத்துக்கணும். எந்த லேப்டாப் வாங்கலாம்?" கேட்கும்போதே மொபைலில் ஒரு படத்தை நீட்டுவார்கள். கலர் கலராக விளக்கு எரிகிற கீபோர்டு, பளபளவென்று ஒரு கேமிங் லேப்டாப். விலை 80 ஆயிரத்துக்குக் குறையாது. "இ.எம்.ஐ. போட்டுக்கலாம்ணே" என்று சமாதானம் வேறு!

நம்ம பக்கத்தில் இ.எம்.ஐ. என்றால் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும் நண்பர்களே. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு வேலையை நம்பி இருக்கிற வீடுகளுக்கு மாதா மாதம் ஒரே மாதிரி பணம் வருவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் சரக்கு காயாது. காயாவிட்டால் வேலை இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்து, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். தவணைத் தேதிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதிதான்!

சரி, அந்த 80 ஆயிரம் உண்மையிலேயே தேவையா? தேவையே இல்லை என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேம் விளையாடுவது வேறு, கேம் செய்வது வேறு. கடையில் கேமிங் லேப்டாப் என்று விற்பது, நூற்றுக்கணக்கான பேர் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்த பெரிய முப்பரிமாண விளையாட்டை ஓட்டுவதற்கு. நாம் முதலில் செய்யப் போவது அதுவல்ல. நம்ம ஊர்ச் சமாச்சாரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு பேன்சி வாணம் மேலே போய் வெடித்து 1000 பொறியாகச் சிதற வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் கம்ப்யூட்டர் என்ன ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? எங்கே இருக்கிறது என்பதற்கு 2 எண், எந்த வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு 2 எண், மிச்ச ஆயுள் ஒன்று, நிறம் ஒன்று. ஆக 6 எண். எண்ணுக்கு 4 பைட் வீதம் பொறிக்கு 24 பைட். ஆயிரம் பொறிக்கு 24 ஆயிரம் பைட். ஒரு சின்ன போட்டோ அளவுகூட இல்லை!

வேலையும் அப்படித்தான். விநாடிக்கு 60 தடவை படம் மாறுகிறது என்றால், 1000 பொறிக்கு விநாடிக்கு 60,000 கணக்கு. ஒவ்வொரு கணக்கிலும் கீழ்நோக்கிய வேகத்தில் புவியீர்ப்பைக் கொஞ்சம் கூட்டு, அந்த வேகத்தை இடத்தோடு கூட்டு, ஆயுளில் கொஞ்சம் கழி. இருபது கட்டளை என்று வைத்தாலும் 12 லட்சம். 2 ஜிகாஹெர்ட்ஸ் பிராசசர் விநாடிக்கு 200 கோடி தடவை துடிக்கிறது. பத்து வருஷத்துப் பழைய பிராசசருக்கும் இது வெற்றிலைபாக்குப் போடுகிற வேலை.

அப்படியானால் கம்ப்யூட்டர் எங்கேதான் திணறும்? கேமில் அல்ல, கேம் செய்கிற சாமான்களில். என்ஜின் ஒரு பக்கம் திறந்திருக்கும். பாடம் சொல்லித்தரும் வீடியோ பிரவுசரில் ஓடும், அதில் பத்து டேப் வேறு. படம் வரைய கிருதாவோ ஜிம்ப்போ இன்னொரு பக்கம். இத்தனையும் ஒரே நேரத்தில் உட்கார இடம் வேண்டும். அந்த இடம்தான் ராம். இடம் பத்தாவிட்டால் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த டிஸ்க் சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்காக இருந்தால், போச்சு! ஒரு க்ளிக் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஆகவே கையில் இருக்கிற காசு முதலில் ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் போகட்டும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். 16 ஜிபி இருந்தால் ராஜா. தனி கிராபிக்ஸ் கார்டு? இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

எந்த என்ஜின் என்பதையும் இங்கேயே முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மெஷினை நிர்ணயிப்பது அதுதான். அன்ரியல் என்ஜினுக்கு அதன் கம்பெனியே 32 ஜிபி ராமும் 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் சிபாரிசு செய்கிறது. நமக்கு ஆகாது, கும்பிடு போட்டுவிடுவோம். யூனிட்டி 8 ஜிபியில் ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். டிஸ்கையும் நிறையச் சாப்பிடும். போதாக்குறைக்கு 2023 செப்டம்பரில், கேம் எத்தனை பேர் இன்ஸ்டால் செய்கிறார்களோ அத்தனைக்கும் கட்டணம் என்று அறிவித்துவிட்டு, உலகமே கொதித்தெழுந்த பிறகு ஒரு வருஷம் கழித்து வாபஸ் வாங்கினார்கள். என் ஓட்டு கோடோவுக்குத்தான். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். பென் டிரைவிலிருந்து அப்படியே ஓடும். ரொம்பப் பழைய மெஷின் என்றால் கோடோ 4-ஐ விட்டுவிட்டு கோடோ 3-ஐப் பிடியுங்கள்.

அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது, டிக்-80. 240க்கு 136 புள்ளிதான் திரை, 16 நிறம்தான். சிரிக்காதீர்கள்! இதே மாதிரி பிகோ-8 என்று ஒன்று, 128க்கு 128 புள்ளி. இரண்டு பேர் அதில் நாலே நாளில் செய்த குட்டி விளையாட்டுதான் 2018-ல் செலஸ்ட் என்று பெரிய கேமாக வளர்ந்து உலகம் பூராவும் பேர் வாங்கியது. நிறம் குறைந்தால் அழகு குறையும் என்பவர்கள் பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிள்களை எடுத்துப் பார்க்கட்டும். நாலைந்து மையில் கிளியும் மயிலும் என்ன உயிரோடு உட்கார்ந்திருக்கின்றன! நம்ம தமிழில் வேண்டுமானால் வெண்பா என்ற கேமைச் சொல்லலாம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் கதை. 2023-ல் வந்தது, 2024-ல் பாப்டா விருது வாங்கியது. துப்பாக்கியும் இல்லை, கார் ரேசும் இல்லை, இட்லியும் புட்டும்தான்.

இனி மெஷினுக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் வீட்டுப் பரணைப் பாருங்கள். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்திருக்கும். ஆரம்ப வருஷத்து மாடல்களில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி., ஒரு 4 ஜிபி ராம், லேசான லினக்ஸ் ஒன்று போட்டால் கோடோ 3-க்கும் டிக்-80-க்கும் போதும். 2025-26 தமிழக பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் யாருக்காவது அது வருமா என்று விசாரித்துவிட்டுப் பையில் கை விடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் செகண்ட் ஹேண்ட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ இன்டெல்லில் பெரும்பாலும் 8-வது தலைமுறைக்கு மேல் வேண்டும். அதனால் ஆபீஸ்கள் பழைய மெஷின்களைக் கழித்துக் கட்டுகின்றன. மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் குவிந்து கிடப்பவை இவைதான். நம்ம சிவகாசி பிரஸ்ஸுகளும் டி.டி.பி. கடைகளும் கம்ப்யூட்டர் மாற்றும்போது காதில் போட்டு வையுங்கள்.

இங்கேதான் ஏமாறுகிற இடம். "தம்பி, ஐ7 இது!" என்று அண்ணாச்சி ஸ்டிக்கரைக் காட்டுவார். ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், கோடுக்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு என்றால் 8-வது தலைமுறை. ஐ7-4600யு என்றால் 4-வது தலைமுறை, விண்டோஸ் 11 ஏறாது. ஐந்து எண் இருந்து 10, 11, 12 என்று தொடங்கினால் அந்தந்தத் தலைமுறை. புது ஐ3 ஒன்று பழைய ஐ7-ஐ ஓரங்கட்டிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸுக்குத் தயார் என்றால் 6, 7-வது தலைமுறையை இன்னும் மலிவாக அள்ளலாம். 8-வது தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 எஸ்.எஸ்.டி. உள்ள ஆபீஸ் லேப்டாப் 20 ஆயிரத்தை ஒட்டி இருக்கும், பேரம் உங்கள் சாமர்த்தியம். ஒன்று சொல்ல வேண்டும், 2025 கடைசியிலிருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று 4 ஜிபியோடு வாங்காதீர்கள். ராம் போர்டிலேயே பற்றவைத்ததா, ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள். இரண்டு ஸ்லாட்டில் 4 வீதம் போட்டிருந்தால், ஒரே 8-ஐ விட உள் கிராபிக்ஸ் நன்றாக ஓடும்.

பஸ்ஸில் தினம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்கிறவர்கள் ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கலாம். அதே காசுக்குப் பலம் அதிகம், எது போனாலும் தனியாக மாற்றலாம், நம்ம சித்திரை வெயிலையும் லேப்டாப்பை விட நன்றாகத் தாங்கும். யு.பி.எஸ். செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் கோடோவையும் அதன் மாதிரி புராஜெக்ட் ஒன்றையும் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் மெஷினை அணைத்து ஆன் செய்து பயாஸுக்குள் நுழையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பழைய ஆபீஸின் பூட்டு இன்னும் இருக்கிறது, வேண்டாம். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதில் இருந்த கொள்ளளவில் பாதியாவது மிச்சமா என்று பாருங்கள். பிறகு பிரவுசரில் பத்து டேப், ஒரு வீடியோ, கோடோவில் அந்த புராஜெக்ட், எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். விசிறி கத்துகிறதா, படம் திக்குகிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிஷம் உட்கார விடாத அண்ணாச்சி என்றால், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.