பெயர் பல, பொறி ஒன்று

இந்நாளில் மாணவர் கையில் புத்தகம் இல்லாத வேளை உண்டு. கைப்பேசி இல்லாத வேளை இல்லை. வகுப்புக் குறிப்பும், ரயில் சீட்டும், தேர்வு முடிவும், ஊர்ச் செய்தியும் அதன் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அவற்றுள் பெரும்பகுதி இணையப் பக்கங்களாக வருவன. அப்பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ், எட்ஜ், ஓபரா என உலாவிகள் பல. விலையோ ஒன்றுமில்லை. இவ்வளவு தாராளம் இருக்கும்போது போட்டி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. காரணம் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

இணையப் பக்கம் நம்மிடம் படமாக வந்து சேர்வதில்லை. எழுத்தாலான கட்டளைகளாகவே வருகிறது. அக்கட்டளைகளைப் படித்து, எந்த எழுத்தை எங்கே வைப்பது, பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்றெல்லாம் கணித்துத் திரையில் தீட்டுவது உலாவியின் உள்ளே இருக்கும் பொறியின் வேலை. வெளியே தெரியும் பெயரும் நிறமும் மேற்பூச்சே. ஒரு தெருவில் நான்கு உணவகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப் பலகை நான்கு. ஆனால் பின்கட்டில் உள்ள சமையற்கட்டு ஒன்றே. அந்தச் சமையற்காரர் இன்று ரசம் இல்லை என்று சொல்லிவிட்டால், நான்கு கடையிலும் ரசம் இல்லை!

இன்று உலகில் பெருவழக்கில் உள்ள பொறிகள் மூன்றே: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. ஓபரா 2013-லும், மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020-லும் தம் சொந்தப் பொறியைக் கைவிட்டுக் கூகுளின் பொறிக்கு மாறின. அந்தப் பிளிங்க் 2013-இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்தது. வெப்கிட்டோ, கே.டி.ஈ. என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் ஆக்கிய கே.எச்.டி.எம்.எல். என்ற பொறியிலிருந்து கிளைத்தது. இன்றைய இரு பெரு நிறுவனங்களின் பொறிகளுக்கும் வேர், எல்லாரும் எடுத்தாளுமாறு திறந்து வைத்த உழைப்பு என்பதை நாம் மறத்தலாகாது.

இத்துறையில் போட்டி நசுங்குவது புதிதன்று. 1994-இல் தோன்றிய நெட்ஸ்கேப் உலாவி விரைவில் புகழ் பெற்றது. கணினியின் இயங்குதளத்தைத் தன் கையில் வைத்திருந்த மைக்ரோசாப்ட், தன் எக்ஸ்புளோரரை விண்டோசுடன் பிணைத்து இலவசமாக வழங்கியது. நெட்ஸ்கேப் தளர்ந்து வீழ்ந்தது. அமெரிக்க அரசு 1998-இல் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாப்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என 2000-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு மன்றம் அப்பிரிவினையை நீக்கிற்று. எனினும் ஏகபோகத்தைத் தக்கவைக்கச் சட்டத்தை மீறியது மெய்யே என்று உறுதி செய்தது. நிலம் யாருடையதோ, வாசலும் அவருடையதாகிவிடும் என்பதே அவ்வழக்கு தந்த பாடம்.

கைப்பேசியில் அந்தப் பாடம் இன்னும் கடுமையாக விளங்குகிறது. ஐபோனில் சஃபாரி தவிர வேறு உலாவிகளும் கிடைக்கும். ஆனால் எந்த உலாவியும் வெப்கிட் பொறியைக் கொண்டே இயங்க வேண்டும் என்பது ஆப்பிள் வகுத்த விதி. ஆகவே இந்தியாவில் ஐபோன் வாங்கி, அதில் குரோமையோ ஃபயர்பாக்ஸையோ இறக்கிக்கொள்பவர் பெயரைத்தான் மாற்றுகிறார், பொறியை மாற்றுவதில்லை. 2020 வரை, இணைப்பைத் தொட்டவுடன் திறக்கும் இயல்பு உலாவியாகச் சஃபாரி அல்லாத ஒன்றை அமைத்துக்கொள்ளவும் வழி இருந்ததில்லை.

இதனால் நேரும் இழப்பு என்ன? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பக்கம் மூடியிருக்கும்போதும் பயனருக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி, ஆண்ட்ராய்டுக் குரோமில் 2015-இல் வந்தது. ஐபோனில் அது 2023-இல்தான் வந்தது. அதுவும் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவர்க்கு மட்டும். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஐபோன்காரருக்கு அறிவிப்பு அனுப்ப விரும்பிய இளம் பொறியாளர், ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, ஆப்பிளின் ஒப்புதல் பெற்று, அதன் கடையில் செயலியாக வெளியிட வேண்டியிருந்தது. கடையில் விற்கும் எண்ணியற் பொருளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 விழுக்காடு வரை தரகும் உண்டு. இணையம் வலுப்பெற்றால் கடைக்கு வரவு குறையும். அப்படியிருக்க, கடைக்காரரே இணையத்தின் பொறிக்கும் காவலராய் இருப்பது முறையாகுமா?

ஆப்பிள் கூறும் மறுமொழியையும் கேட்பது நேர்மை. பொறி ஒன்றே எனில், அதில் பாதுகாப்புப் பழுது கண்டால் எல்லா உலாவிகளையும் ஒருசேரச் சரிசெய்யலாம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒரே பொறியில் பழுது நேர்ந்தால் தப்பிச் செல்ல வேறு பொறி இல்லை என்பதும் உண்மையே.

ஆண்ட்ராய்டின் நிலை வேறு. அங்கே பொறிக்குத் தடையில்லை. ஃபயர்பாக்ஸ் தன் கெக்கோவுடனேயே ஓடுகிறது. அங்குள்ள பிடி ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிளே ஸ்டோர் வேண்டும் எனும் கைப்பேசி நிறுவனம், குரோம் உள்ளிட்ட கூகுள் செயலிகளின் தொகுப்பு முழுவதையும் சேர்த்தே நிறுவ வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2018-இல் இதன்பொருட்டுக் கூகுளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. நம் நாட்டின் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் ஆணையத்தின் கட்டளைகள் சிலவற்றை நீக்கியது, தண்டத்தை நிலைநிறுத்தியது.

இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கு ஏன் இத்தனை போராட்டம் என்று கேட்கலாம். உலாவி இலவசம், அதன் வாசலில் நிற்கும் தேடுபொறிக்கோ விளம்பர வருவாய் பெருவெள்ளம். சஃபாரியில் தன் தேடுபொறியே இயல்பாக இருப்பதற்காகக் கூகுள் 2022-இல் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் அளித்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த செய்தி. பயனர் மாற்றிக்கொள்ளலாம் என்பது சட்டப்படி சரி. மாற்றமாட்டார் என்பதற்கே அந்த விலை!

விலங்கு சிறிது தளரத் தொடங்கியுள்ளது. ஐரோப்பியச் சட்டத்தின் வலியால் 2024 மார்ச் முதல் அங்குள்ள ஐபோன்களில் பிற பொறிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஜப்பானில் அத்தகைய சட்டம் 2025 டிசம்பரில் முழு நடைமுறைக்கு வந்தது. ஆனால் அனுமதி அந்தந்த நாட்டெல்லைக்குள் மட்டும். ஐரோப்பாவுக்கு ஒன்று, மற்ற உலகுக்கு ஒன்று என இருவகை உலாவி ஆக்கிப் பேணுவது சிறிய நிறுவனத்திற்கு எளிதோ?

இங்கே மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். ஐபோனின் கதவு எங்கும் திறந்தால், அதில் முதலில் நுழையவல்லது குரோமே. அப்போது வெப்கிட்டின் இடத்தையும் பிளிங்க் பிடித்துவிடக்கூடும். ஒருவர் பிடியிலிருந்து மற்றொருவர் பிடிக்கு மாறுவது விடுதலையாகாது. எனவே சட்டம் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. மூன்றாவது பொறி உயிரோடு இருக்க வேண்டும்.

நண்பர்களே, இன்று நம்போன்ற ஒரு மன்றம் தன் இதழை இணையத்தில் வெளியிட எந்தக் கடைக்காரரின் ஒப்புதலும் வேண்டியதில்லை. அந்த உரிமை பெரிது. அதைக் காப்பதில் நமக்கும் சிறு பங்கு உண்டு. நம்முள் பலர் துறை விழாவுக்கும் மன்றத்துக்கும் இணையத்தளம் அமைப்பவர்கள். அதைக் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாமல், ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் திறந்து பார்ப்போம். "குரோமில் மட்டுமே இயங்கும்" என்று எழுதும் ஒவ்வொரு தளமும் மற்றப் பொறிகளுக்கு ஒரு வாயிலை அடைக்கிறது. அந்த அடைப்பு வேலையை நாமே கூலியின்றிச் செய்ய வேண்டியதில்லை.