டிராக்டர் கரும்புகை தள்ளுதா? டீசல் பம்ப்பில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

"வண்டி இழுக்கலை, பம்ப்பைக் கொஞ்சம் ஏத்தி வைங்க..." பழைய டிராக்டர், லாரி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்லும் வசனம் இது. ஏத்தி வைத்தால் வண்டி இழுக்கத்தான் செய்யும். கூடவே கரும்புகையும் வரும்.

பம்ப்புக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் உண்டு. அதற்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு! டீசலில் கொஞ்சம் தண்ணி கலந்தாலே பம்ப் பாழாவது இதனால்தான். (மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் லிமிடெட் ஆகிவிட்டது. ஒர்க் ஷாப்பில் இன்னமும் இது 'மைக்கோ பம்ப்'தான்.)

பம்ப்பில் சரிசெய்ய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் டீசல் பீய்ச்ச வேண்டும் என்ற கணக்கு. சீக்கிரம் பீய்ச்சினால் இன்ஜின் 'கடகட'வெனத் தட்டும். லேட்டானால் வெள்ளைப் புகை வரும், இழுவை குறையும். பம்ப் போல்ட்டைத் தளர்த்தி லேசாகத் திருப்பினாலே டைமிங் மாறிவிடும். அதனால், கழற்றும் முன் பம்ப்பிலும் இன்ஜினிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்ல மெக்கானிக்கின் பழக்கம்.

இன்னொன்று, டீசல் அளவு. இதைக் காதால் கேட்டு வைக்க முடியாது. டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, எல்லா சிலிண்டருக்கும் சமமாக டீசல் போகிறதா என்று அளந்துதான் வைக்கணும். அந்த ஸ்க்ரூவுக்கு சீல் வைத்திருப்பதே இதற்காகத்தான். காற்று அதே அளவு இருக்க, டீசலை மட்டும் கூட்டினால் முழுசா எரியாது. மிச்சம் புகையாகப் போகும், இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். சூடு ஏறி பிஸ்டன் வரைக்கும் அடி வாங்கும்.

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், நாசில் ஒழுகினாலும் இதே கரும்புகைதான் வரும். முதலில் அவற்றைப் பாருங்க. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை குறையும். பல நேரம் பம்ப்பைத் தொடவே வேண்டியிருக்காது.

ஓடும் இன்ஜினில் டீசல் ஒழுகும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. பழைய இன்ஜின்களிலேயே நாசில் திறக்கும் பிரஷர் 200 பார் அளவில் இருக்கும். கார் டயரில் இருப்பதைப்போல சுமார் 100 மடங்கு. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல், ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. "ஹை பிரஷர்ல டீசல் உள்ளே போயிடுச்சு" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்க.