இடுப்பில் கட்டும் இன்சுலின் பம்ப்! 1,460 ஊசி 120 ஆகக் குறையும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும்!

புதுக்கோட்டை,-
காலையில் ஊசி. மத்தியானம் ஊசி. ராத்திரி சோற்றுக்கு முன்னால் ஊசி. படுக்கப் போகும்போது இன்னொரு ஊசி!

தினம் 4 என்றால் வருஷத்துக்கு 1,460 ஊசி. "டைப்-1" சர்க்கரை வியாதி வந்த குழந்தைகளின் கணக்கு இது.

பெரியவர்களுக்கு வரும் சாதாரண சர்க்கரை வியாதிக்கு மாத்திரை உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு மாத்திரை மட்டும் போட்டால் பலிக்காது. இவர்களின் கணையத்தில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகிறது. வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். சாகக் கிடந்தவன் பிழைத்தான். அதற்கு முன்பு இந்த வியாதி வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை.

முதுகு மூட்டை சட்டைப்பைக்கு வந்தது!

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கேடிஷ் ஒரு இன்சுலின் பம்ப் செய்தார். முதுகில் மூட்டை போலத் தூக்க வேண்டியிருந்தது. 1970-களில் அதே நாட்டு டீன் காமன், உடம்பிலேயே மாட்டிக்கொள்ளும் சின்ன பம்பைக் கொண்டுவந்தார். இன்று அது சட்டைப்பையில் அடங்குகிறது.

வேலை செய்வது இப்படித்தான்: பெட்டிக்குள் இன்சுலின் நிரப்பிய சின்னக் குப்பி. அதிலிருந்து மெல்லிய குழாய். குழாயின் நுனி வயிற்றுத் தோலுக்கு அடியில். இரவு பகலாகச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். சாப்பிடும் நேரத்தில் பட்டனை அமுக்கினால் கூடுதல் மருந்து போகும். நுனியைச் சுமார் 3 நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 120 குத்துதான்!

புது ரகங்களில் சர்க்கரை அளவைப் பார்க்கும் சென்சாரும் உண்டு. அளவு ஏறினால் மருந்தைக் கூட்டும். இறங்கினால் தானே குறைக்கும்.

ஆனால் பம்ப் மாட்டியாச்சு, இனி கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. எத்தனை இட்லி, எவ்வளவு சோறு என்று கணக்குப் பார்த்தே பட்டனை அமுக்க வேண்டும்.

குழாய் அடைத்தால் ஆபத்து!

பம்பில் போடுவது சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீரும் இன்சுலின். குழாய் அடைத்தாலோ, கழன்றாலோ சில மணி நேரத்தில் ரத்தத்தில் அமிலம் ஏறி ஆளைச் சாய்த்துவிடும். அதனால் பையில் எப்போதும் ஒரு சாதா ஊசியும் இன்சுலினும் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் முதல் பாடம்.

இன்னொரு எச்சரிக்கை! நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகள் ஏராளம். பம்புக்கு வேண்டியது 100 யூனிட் மருந்து. மாற்றிப் போட்டால் கணக்கே தப்பிப்போகும்.

புதுக்கோட்டைச் சீமையின் வெயிலும் இன்சுலினுக்கு எதிரி. 37 டிகிரிக்கு மேல் சூடானால் பம்பில் உள்ள மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். மிச்சக் குப்பிகளை வைக்க ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு, ஈர மணலில் வைத்த மண்பானை கைகொடுக்கும்.

பம்புக்குள் புகுந்த 'திருடன்'!

2011-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு பரபரப்பு. ஜே ராட்கிளிஃப் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், தாமே சர்க்கரை நோயாளி. தம் பம்பின் ரேடியோ தொடர்புக்குள் வேறு ஆள் புகுந்து மருந்தின் அளவை மாற்ற முடியும் என்று ஒரு மாநாட்டில் காட்டினார்! 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சில பழைய மாடல்களை மாற்றச் சொல்லி எச்சரித்தது. அதனால் யாருக்கும் தீங்கு வந்ததாகத் தகவல் இல்லை என்றும் அப்போது சொன்னது. பழைய பம்ப் மலிவாக வருகிறதே என்று வாங்குகிறவர்கள் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

காசு யார் தருவது?

நல்ல பம்ப் விலை லட்சக்கணக்கில். அதோடு முடிந்ததா? குழாய், நுனி, சென்சார் என்று மாசாமாசம் செலவு. ஆவுடையார்கோவிலிலோ கந்தர்வகோட்டையிலோ கூலி வேலை பார்க்கும் தகப்பன் எங்கே போவான்?

பக்கத்துக் கேரளாவில் இந்தக் குழந்தைகளுக்காகவே அரசுத் திட்டம் உண்டு. பெயர் என்ன தெரியுமா? 'மிட்டாயி'! பேனா ஊசி, சென்சார், பம்ப் எல்லாம் அதில் அடக்கம். இங்கிலாந்தில் தானியங்கி பம்பை அரசு ஆஸ்பத்திரிகள் மூலம் தரும் வேலை 2024-ல் தொடங்கியது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய ஊர் அல்ல. 1948-லேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை வியாதிக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசம். புதுக்கோட்டைக்கு 2017-ல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

பம்ப் வாங்க முடியாதவர்கள் மனம் உடைய வேண்டாம். நேரம் தவறாத ஊசியும், அளவான சாப்பாடும், அடிக்கடி பரிசோதனையும் இருந்தால் சாதா ஊசியிலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். ஒன்று மட்டும் கூடாது: "நாட்டு மருந்தில் குணமாகும்" என்று யாராவது சொன்னார்கள் என்று குழந்தைக்குப் போடும் ஊசியை நிறுத்துவது. அது எமனுக்கு எழுதும் கடுதாசி!