யார் கையெழுத்து செல்லும்?

பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனம் தன் சர்வருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் போடுவது இன்றைக்கு இரண்டு நிமிட வேலை. செர்ட்பாட் என்ற மென்பொருளை ஓடவிட்டால் அது சர்வருக்குள்ளேயே ஒரு சாவி ஜோடியை உருவாக்கும். அதில் தனிச்சாவி சர்வரைவிட்டு வெளியே போகாது. பொதுச்சாவியும் தளத்தின் பெயரும் மட்டும் விண்ணப்பமாக ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ அமைப்புக்குப் போகும். தளம் உன்னுடையதுதான் என்றால் இந்தக் குறியீட்டை இன்ன முகவரியில் வை என்று பதில் வரும். வைத்ததும் உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அதைத் திறந்து சரிபார்ப்பார்கள். ஒத்துப்போனால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். காசு கிடையாது.

இதற்குப் பிறகும் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அலுவலகக் கணினியில் தளம் நன்றாகத் திறக்கும். அதே சர்வரோடு பேசவேண்டிய ஆண்ட்ராய்டு செயலி மட்டும் ‘நம்ப முடியாது’ என்று நின்றுவிடும். காரணம், சர்வர் தன் சான்றிதழை மட்டும் நீட்டுகிறது. அதில் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழைச் சேர்த்துத் தரவில்லை. கணினியின் பிரவுசர் விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், செயலி அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, முழுச் சங்கிலியும் உள்ள கோப்பைக் காட்டினால் தீர்ந்தது.

அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால்தான் வியப்பு. தளத்தின் சான்றிதழில் இடைநிலை நிறுவனம் கையொப்பமிடுகிறது, இடைநிலைக்கு ஒரு வேர்ச் சான்றிதழ் கையொப்பமிடுகிறது. வேருக்கு? அது தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொள்கிறது. மேலே யாருமில்லை. மதிப்பெண் பட்டியல் நகலில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் கெசட்டட் அதிகாரியை நமக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை, அவர் அரசிதழில் இருக்கிறார் என்பது போதும். இணையத்திலும் அப்படியொரு பட்டியல் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட வேர்ச் சான்றிதழ்கள் நம் கைபேசியிலும் கணினியிலும் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கின்றன. அதில் யார் இருக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் முக்கியமாக நால்வர்: ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா. நால்வருமே அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு ஒரு காயம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் நம் நாட்டின் வேர்ச் சான்றிதழை வைத்திருக்கிறது. அந்த வேர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தது. அதன் கீழே தேசியத் தகவலியல் மையம் இடைநிலைச் சான்றிதழ்களை வைத்திருந்தது. 2014 ஜூலை 2 அன்று, அந்த மையத்தின் கையொப்பத்தோடு கூகுள் தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் உலவுவது கூகுளுக்குத் தெரியவந்தது. அப்படியொரு சான்றிதழை வைத்திருப்பவர் நடுவழியில் உட்கார்ந்து, விண்டோஸ் கணினிக்கு ‘நான்தான் கூகுள்’ என்று சொன்னால் கணினி நம்பிவிடும். மறுநாளே மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவிவிட்டார்கள், தவறாகப் போனவை நான்குதான் என்றது கட்டுப்பாட்டாளர் அலுவலகம். நான்குக்கு வெளியேயும் பார்த்திருக்கிறோம், பாதிப்பின் அளவு தெரியவில்லை என்றது கூகுள். மைக்ரோசாஃப்டும் அந்த மையத்தின் சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கியது. இந்திய வேரின் கையொப்பத்தை அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி உள்ளிட்ட ஏழு முகவரிக் குடும்பங்களுக்கு மட்டும் ஏற்பதாக குரோம் சுருக்கிக்கொண்டது.

கையொப்பக் கணிதத்தில் இங்கே எந்த ஓட்டையும் இல்லை. உடைந்தது, யார் கேட்டால் கையொப்பமிடலாம் என்ற அலுவலக நடைமுறை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்னொரு வழியாகவும் ஓர் இந்திய வேர் பட்டியலுக்குள் போனது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இ-முத்ரா நிறுவனம் ‘எம்சைன்’ என்ற பெயரில் வேர்ச் சான்றிதழ்களை உருவாக்கி, வெளித் தணிக்கைக்கும் பொது விவாதத்துக்கும் உட்பட்டு, 2019-இல் மொசில்லாவின் பட்டியலில் இடம்பெற்றது. ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் சான்றிதழ் பட்டியலைத் திறந்து ‘எம்சைன் ரூட் சிஏ ஜி1’ என்பதைத் தேடிப் பார்க்கலாம். நாடு என்ற இடத்தில் இந்தியாவின் குறியீடு இருக்கும். செல்லத் தொடங்கும் நேரம் 2018 பிப்ரவரி 18, கிரீன்விச் நேரப்படி மாலை 6.30. ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நள்ளிரவு 12. உலகம் முழுக்கப் போகும் ஒரு கோப்பில் இந்தியக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது!

அதே பக்கத்தில் அதன் பொதுச்சாவியும் இருக்கிறது. 2048 பிட், அதாவது 617 இலக்கங்கள் கொண்ட எண். இரண்டு பகா எண்களைப் பெருக்கிக் கிடைத்தது. பெருக்கல் தொகை எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. அதைப் பிரித்து அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கணினி இன்று உலகில் எங்கும் இல்லை. வேர்ச் சாவியை உருவாக்கும் நாளில் நடப்பதைத் தணிக்கையாளர் நேரில் பார்க்கவேண்டும், அல்லது முழுதும் வீடியோவில் பதிவாகவேண்டும் என்பது விதி. பிறகு அந்தச் சாவி இணையத் தொடர்பே இல்லாத கருவிக்குள் போய்விடும். அபூர்வமாகத்தான் வெளிச்சம் பார்க்கும்.

2023 ஆகஸ்டில் மத்திய அரசு வேறொரு பாதையையும் திறந்தது. பெங்களூரு சி-டாக் நிறுவனத்தோடு சேர்ந்து, இந்திய வேரைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் பிரவுசரை உருவாக்கும் போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் சென்னையின் ஸோஹோ முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. நம் ஆட்கள் சொந்தமாகப் பிரவுசர் செய்வது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பட்டியல் அந்த பிரவுசருக்குள் மட்டும்தான் செல்லும். சிங்கப்பூரிலிருந்து நம் அரசுத் தளத்தைத் திறப்பவரின் கைபேசிக்கு அது தெரியாது. அரசின் கையில் வேர் இருப்பது குடிமக்களுக்கு எப்போதும் நன்மை என்றும் சொல்லிவிட முடியாது. கஜகஸ்தான் அரசு தன் வேரை மக்களின் கருவிகளில் ஏற்றச் சொல்லி, அவர்களுடைய இணையப் போக்குவரத்தை இடைமறித்தது. 2019 ஆகஸ்டில் கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் அதைத் தடுத்தன.

2014-க்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. 2018 ஏப்ரல் இறுதியிலிருந்து, புதிதாக வழங்கும் சான்றிதழ் பொதுப் பதிவேடுகளில் ஏறியிருந்தால்தான் குரோம் ஏற்கும். யார் வேண்டுமானாலும் அவற்றில் தேடலாம். தளத்தை நடத்தும் ஒவ்வொருவரும் தன் முகவரியை அங்கே போட்டுப் பார்க்கவேண்டும். கேட்காத சான்றிதழ் ஒன்று யார் பெயரிலாவது வந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். சான்றிதழின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் 15 முதல் 47 நாட்களுக்கு மேல் வழங்கமுடியாது. கையால் புதுப்பிப்பவர்கள் இப்போதே தானியங்கிக்கு மாறிவிடுவது நல்லது.

வேர்களுக்கும் இதே கதிதான். எம்சைன் வேரில் 2043 வரை செல்லும் என்று எழுதியிருந்தாலும், 15 வயதைத் தாண்டிய வேர்ச் சாவியைத் தளங்களுக்கு நம்புவதில்லை என்பது மொசில்லாவின் கொள்கை. ஆகவே 2033-க்குள் புதிய சாவி, புதிய தணிக்கை, மீண்டும் பொது விவாதம்.