புளி போட்டுத் தேய்த்தேன். ராஜா முகம் போச்சு!

செப்புத் தவலையில் கொஞ்சம் களிம்பு ஏறினால் போதும், உடனே புளியைக் கரைக்கிறவள் நான். அந்தக் கைப்பழக்கம் ஒரு பழைய காசைப் பாழாக்கிவிட்டது. உங்களில் ஒருவராவது அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தங்கையின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில், வில்ட்ஷயர் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு மாசம் இருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கப் பண்ணிவிட்டால் அப்புறம் பொழுதே போகாது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது வயசிருக்கும். காதில் ஹெட்ஃபோன், கையில் நீளக் கழி, அதன் நுனியில் வட்டத் தட்டு. இந்தக் கோலத்தில் உழுத வயலில் மெள்ள நடப்பார். மெட்டல் டிடெக்டராம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் கொடுக்கும். வயல்காரரிடம் அனுமதி வாங்கித்தான் போவார். ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

எல்லாம் ஒரே சத்தம்!

முதல் நாள் எனக்குக் கிடைத்தவை: குளிர்பான டின் வளையம் நாலு, கசங்கிய அலுமினியத் தாள், ஒரு ஆணி. "வளையத்துக்கும் தங்க மோதிரத்துக்கும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

அடுப்பங்கரைக் கண்

போகப் போகப் புரியாத சாமான்கள் வந்தன. குண்டாக, அடியில் கீறலோடு ஒன்று. குலுக்கினால் உள்ளே கலகலத்தது. "நம்மூர் மாட்டுச் சலங்கை மாதிரி இருக்கே!" என்றேன். அதேதான்! அங்கே குதிரைக்கும் ஆட்டுக்கும்கூடக் கட்டுவார்களாம். இன்னொரு நாள், நடுவில் ஓட்டை போட்ட ஈயப் பில்லை. எடைக்கல்லாக இருக்குமோ என்றார் அவர். எனக்கோ பாட்டியின் தக்ளி ஞாபகம் வந்தது. நூல் நூற்கும் கதிரில் கனத்துக்காகச் செருகுகிற பில்லை! தொல்பொருள் அதிகாரியும் அதையே சொன்னார். நூற்றாண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பெண் நூல் நூற்ற பில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று.

ராஜா முகம் போச்சு

அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டது. பச்சைப் பூத்த ஒரு காசு கிடைத்தது. யாரிடமும் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, புளியும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. ஓடிப்போய்க் காட்டினால், அந்த அம்மாள் முகம் வாடிப் போயிற்று. மண்ணில் கிடந்த செம்புக்கு அந்தப் பச்சைப் படலமே மேல்தோல். எழுத்தும் உருவமும் அதில்தான் நிற்குமாம். அளவையும் எடையையும் பார்த்து, 18-ம் நூற்றாண்டு அரைப் பென்னி என்றார் அதிகாரி. எந்த ராஜா என்று மட்டும் சொல்ல முடியவில்லை. இருநூறு வருஷத்துக்கு மேல் மண் காப்பாற்றியதை நான் ஐந்தே நிமிஷத்தில் அழித்துவிட்டேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிக் கிடைப்பதைப் பதிவு செய்ய 1997-ல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். அதன் அதிகாரிகள்தான் பார்த்துச் சொல்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கருவியே வேண்டாம். கொல்லையில் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போதுகூட ஏதாவது கிடைக்கலாம். அப்போது:

1. புளி, எலுமிச்சை, சாம்பல், பிரஷ் எதுவும் வேண்டாம். தானாக உதிரும் மண் மட்டும் உதிரட்டும்.

2. எந்த இடம், எத்தனை ஆழம் என்று உடனே எழுதி வையுங்கள்.

3. காந்தம் காட்டிப் பாருங்கள். இரும்பு ஒட்டும், தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம் ஒட்டாது.

4. பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள்.

5. 'இது என்ன விலை போகும்?' என்று கேட்காமல், 'இது என்ன வேலை செய்திருக்கும்?' என்று கேளுங்கள். பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

6. ஈயம் விஷம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடாதீர்கள். குழந்தை கையிலும் கொடுக்காதீர்கள்.

முக்கியமாக ஒன்று. நம் நாட்டில் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் வம்புதான்.

ஊருக்குத் திரும்பியதும் பரணில் ஏறிப் பாட்டியின் தக்ளியைத் தேடி எடுத்தேன். களிம்பு ஏறித்தான் இருந்தது. புளிப் பக்கம் கை போகவில்லை. அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.